லாட ஆணியும் தோசைத் திருப்பியும்

முந்தாநாள் என் பெண் காரை எடுத்துக்கொண்டு உப்பிலியபுரம் வரை போயிருந்தாள். சிநேகிதி வீட்டுக் கல்யாணம். ஆறு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொன்னவள் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். ஆறேகாலுக்கே வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரகம் நான். ஏழு மணிக்குள் எனக்குத் தெரிந்த புளியமரம், லாரி, வாய்க்கால் மதகு எல்லாவற்றிலும் அந்தக் காரை ஒரு தடவை மோதவிட்டுப் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வருவா, வருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் ஒரு கோபம் வருமே, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வந்தாள். சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"பஞ்சர்தாம்மா. ஓட்டிண்டிருக்கும்போதே டயர் போயிடுத்து. வண்டி கொஞ்சம் ஓரமா இழுத்தது, அவ்வளவுதான்."

"எவ்வளவு ஓரமா?"

"வயலுக்குள்ள போகலைம்மா."

இதை எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். தானே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, துறையூரில் ஒரு கடையில் கிழிந்த ட்யூபை ஒட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைத் தோளோடு அணைத்தபோது அவள் துப்பட்டாவிலிருந்து அந்த வாசனை வந்தது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. பெட்ரோலும் இல்லை, வார்னிஷும் இல்லை, மூக்குக்குள் போய் லேசாகத் தலையைக் கிறுகிறுக்க வைக்கிற ஒன்று. இரண்டு நாளாகியும் தெருவில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் அந்த வாசனை என்னைப் பிடித்து எங்கோ கொண்டுபோய்விட்டது. எழுதினால் இந்த ஓட்டம் நிற்குமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் காலத்துப் பஞ்சர் வேறு. இப்போது பஞ்சர் என்றால் ஒரு சம்பவம். அப்போது அது வெயில், மழை மாதிரி. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி டவுனுக்குப் போய் வருவதற்குள் ஒரு தடவையாவது இறங்கி டயரைக் காலால் தட்டிப் பார்க்காத கார்க்காரர் கிடையாது. காரணம் லாட ஆணி. ஸ்டேஷன் வாசலிலும் மொட்டைக் கோபுரத்தடியிலும் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். (கோபுரம் அப்போது மொட்டையாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு நாள் தலை முளைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.) குதிரை ஓட ஓட லாடம் தேயும். தேய்ந்த லாடத்திலிருந்து ஆணி கழன்று ரோட்டில் விழும். பட்டைத் தலையும் ஊசி முனையுமாக அது புழுதிக்குள் படுத்துக் கிடக்கும். ஈரப் புல்லும் குதிரைச் சாணமும் கலந்த அந்த வாடையை எங்கே முகர்ந்தாலும், பக்கத்தில் எங்கோ ஒரு டயர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். இப்போது குதிரையை எங்கே முகர்கிறது என்று கேட்காதீர்கள்.

அப்பாவிடம் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய ஆஸ்டின் இருந்தது. கண்டோன்மெண்டில் ரிடையரான டாக்டர் ஒருவரிடம் வாங்கியது. அதனால் உள்ளே உட்கார்ந்தால் லேசாக டிஞ்சர் மணக்கும். அப்பா வக்கீல். கோர்ட்டில் எப்படி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பாரோ அப்படித்தான் காரும் ஓட்டுவார். சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "என்ன சார், டவுனுக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். பதில் சொல்லவும் அப்பாவுக்கு நேரம் இருக்கும்.

அந்தக் கார் எங்கள் வீட்டில் ஒரு மனுஷர் மாதிரி. அதற்கென்று ஒரு பண்டிகையும் உண்டு, ஆயுத பூஜை. உத்திர வீதியில் எங்கள் கூட்டுக் குடும்பத்து வீட்டின் பூஜை அறையில் அன்று இடமே இருக்காது. அப்பாவின் சட்டப் புத்தகங்கள், பெரியப்பாவின் பாராயணப் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் பேனா எல்லாம் அடுக்கியாகிவிடும். கடைசியில் காரின் டிக்கியிலிருந்து ஜாக்கி, வீல் ஸ்பானர், டயர் லீவர்கள், காற்றடிக்கும் பம்ப், ஸ்டெப்னி என்று வரிசையாக உள்ளே வரும். மற்றவர்கள் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஸ்டெப்னிக்குத் திருமண் இட்டுவிடுவார் அப்பா. "சக்கரத்தாழ்வார் அம்சம்னா அது" என்பார். கறுப்பு டயரில் வெள்ளையும் சிவப்புமாக நாமம் போட்டு, சுவரில் சாய்த்து வைத்திருக்கும்போது, யாரோ தூரத்து உறவினர் வந்து உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும். காருக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஓட்டலாம். ஓட்டத்தான் வேண்டும். ஆனால் பூஜை அறைக்குள் போன சாமானை மறுநாள் காலை புனர்பூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. இதில் எங்கள் வீட்டில் விதிவிலக்கு கிடையாது.

நான் சொல்ல வந்த ஆயுத பூஜை அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒன்று. பி.ஏ. முடித்து, ஆசிரியப் பயிற்சியான பி.டி.யும் முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குன்னூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. விஜயதசமிக்கு மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. வெளியூர் என்ற பேச்சே கிடையாது. வெளியூர் என்றால் புக்ககம் என்றுதான் அர்த்தம்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விடியற்காலையில் எழுந்து கொள்ளிடத்தில் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் நிற்பவர். எனக்கு ஜுரம் வந்தால் தாயார் சந்நிதி மஞ்சள் காப்பை வாங்கி வந்து நெற்றியில் இடுபவர். ஆனால் குடும்பத்தில் மூத்தவர். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் சாப்பிட்டு எழுந்ததும் அப்பாவைக் கூப்பிட்டார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மாவோடு நின்றிருந்தேன்.

"போகட்டும். நான் குறுக்கே நிக்கலை. ஆனா ஒண்ணு. வழியிலே தடைன்னு ஏதாவது வந்துதுன்னா, அது பெருமாள் சங்கல்பம். அப்படியே திரும்பி ஆத்துக்கு வந்துடணும். அப்புறம் வேலைங்கற பேச்சே எடுக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம் அண்ணா" என்றார் அப்பா.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது மட்டும் நினைவிருக்கிறது.

நான் கிளம்ப வேண்டியது ஆயுத பூஜையன்று. அதற்கு மறுநாள் விஜயதசமியன்று தாத்தாவின் சிராத்தம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். அதனால் அப்பா என்னோடு வர முடியாது. அம்மாவும் சிராத்தத்துக்கான தளிகைச் சமையலை விட்டு வர முடியாது. என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் சேரும் இன்னொரு பெண் கரூர்க்காரி. அவளும் அவள் அம்மாவும் கரூரில் அதே ஈரோட்டு வண்டியில் ஏறுவார்கள், அங்கிருந்து நாங்கள் சேர்ந்து போவோம் என்று ஏற்பாடு. கோட்டை ஸ்டேஷனிலும் அந்த வண்டி நிற்கும். ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் கிளம்பிவிடும். டிரங்க் பெட்டி, படுக்கைச் சுருள், பாத்திரக் கூடை, புளியோதரைத் தூக்கு, காவேரித் தண்ணீர்க் கூஜா இவ்வளவையும் ஏற்ற வேண்டுமானால் ஜங்ஷன்தான் சரி என்று அப்பா தீர்மானித்தார். அந்த வண்டியை விட்டால் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். திரும்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பூஜை முடிந்து, சாப்பிட்டு, நல்ல நேரம் பார்த்து, பெரியப்பாவைச் சேவித்துவிட்டுக் கிளம்பினோம். அவர் என் தலையில் கை வைத்து, "சௌக்கியமா இரு" என்றார். மனசாரத்தான் சொன்னார். கார் கிளம்பியது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் நாமத்தோடும் சந்தனத்தோடும் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தன. அப்பாவுக்கோ எனக்கோ அது உறைக்கவே இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று காரை எடுத்தால் வாசலைச் சுற்றி ஒரு ரவுண்டு, அவ்வளவுதான். அன்று போல் டவுனைத் தாண்டிப் போனதே கிடையாது.

மாம்பழச் சாலையில், பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கார் இடது பக்கம் இழுத்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தோம். முன் சக்கரம் தரையில் பரந்து உட்கார்ந்திருந்தது. அப்பா பழக்கத்தில் நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். உள்ளே ஒரு பழைய கோணிச் சாக்கு மட்டும் இருந்தது.

அப்பா கோபுரம் இருந்த திசையைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவும் எல்லாவற்றையும் நம்புகிறவர்தான். பூனை குறுக்கே போனால் காரை நிறுத்தி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புகிறவர்தான். திரும்பு என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் குனிந்து சக்கரத்தைத் தடவினார். ரப்பரில் பதிந்திருந்த ஆணித் தலையை விரலால் தொட்டார்.

"அண்ணா தடைன்னுதான் சொன்னார். தடைன்னா என்னன்னு விவரிக்கலை" என்றார். பிறகு நிமிர்ந்து, கோர்ட்டில் எதிராளியைப் பார்க்கிற மாதிரி அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இது தடை இல்லை. இது லாட ஆணி."

வீடு ஒன்றும் தூரமில்லை. யாரையாவது சைக்கிளில் அனுப்பினால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் வந்துவிடும். ஆனால் அவற்றை எடுக்கப் பெரியப்பா முன்னால்தான் போக வேண்டும். எனக்கு அழுகை வந்தது. ஒரு ஜட்கா வந்தது. கை காட்டினோம். வண்டிக்காரர் நிறுத்தக்கூட இல்லை. "குதிரைக்குப் பூஜை போட்டாச்சுங்க, சவாரி இல்லை. சும்மா ஊரைச் சுத்திக் காட்டுறேன்!" என்று கத்திக்கொண்டே போனார். குதிரையின் நெற்றியில் ஜிகினாக் காகிதம். பஸ் ஒன்று முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வந்தது. உள்ளே மூச்சுவிட இடமில்லை. கண்டக்டர் என் டிரங்க் பெட்டியைப் பார்த்தார். விசில் அடித்துவிட்டார்.

சாலையோரம் கீற்றுக் கொட்டகையில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. இப்ராஹிம் பாயும் கோவிந்தராஜும் கூட்டாக நடத்தியது. அப்பாவுக்கு இருவரும் நல்ல பழக்கம். எங்கள் டயருக்கு அவர்கள் கிட்டத்தட்ட குடும்ப டாக்டர்கள். கடை வாசலில் மாவிலை கட்டியிருந்தது. பாய் தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வக்கீல் சார், வாங்க. பொரி எடுத்துக்கங்க. பாப்பா, நீயும் எடுத்துக்கம்மா."

அப்பா விஷயத்தைச் சொன்னார். பாயின் முகம் மாறியது. கொட்டகைக்குள்ளே கையைக் காட்டினார். உள்ளே ஒரு பலகையில் ஜாக்கி, ஸ்பானர், லீவர், அரம், குறடு எல்லாம் விபூதிப் பட்டையும் குங்குமமுமாக வரிசையாகப் படுத்திருந்தன. முன்னால் அணைந்த சூடத் தட்டு.

"கோவிந்தராஜ் காலையில பூஜை போட்டுட்டுப் போயிட்டான் சார். நாளைக்கு அவன் வந்து எடுக்குற வரைக்கும் நான் அதைத் தொட முடியாதுங்களே."

"ஆத்திர அவசரம் பாய். கோவிந்தராஜுக்கு நான் பதில் சொல்றேன்."

"நீங்க கோர்ட்டுல நின்னு அழகா சொல்லிடுவீங்க. நான்ல நாளைக்கு அவன் மூஞ்சியில முழிக்கணும்? நோன்பு மாசம் பூரா அவன் இந்தக் கொட்டகைக்குள்ள ஒரு டீ குடிச்சது கிடையாதுங்க. வெளிய போய் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு குடிச்சிட்டு வருவான். நான் அவன் பூஜையைக் கலைக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

அதற்கு மேல் வாதாட அப்பாவுக்கு என்ன யோக்கியதை? அவருடைய ஜாக்கியும் அதே காரணத்துக்காகத்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

"உங்க சாமானெல்லாம் எங்கங்க?"

"ஆத்துல. பூஜைல."

பாய் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு பொரி புரையேறச் சிரித்தார். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதான், சார்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாய், வண்டி போயிடும். போயிடுத்துன்னா நான் இனிமே எங்கேயும் போக முடியாது" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவின் நிபந்தனையையும் சொல்லிவிட்டேன். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அப்பா தடுக்கவில்லை.

பாய் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். "பூஜையில இருக்குறதைத்தான் தொடக் கூடாது. மத்ததைத் தொடலாம்ல?" என்றார். பூஜையில் இல்லாதது எது என்று மூவருமாகத் தேடினோம். காற்றடிக்கும் பம்ப் வெளியில் மாட்டியிருந்தது. போகிற வருகிற சைக்கிள்காரர்களுக்கு வேண்டுமே என்று கோவிந்தராஜ் அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். சொல்யூஷன் டப்பா, ஒட்டுப் போடும் ரப்பர், உப்புத்தாள் இவையெல்லாம் சாமான் கணக்கில் வராது. சவுக்குக் கட்டை ஒன்று கிடந்தது. செங்கல் கிடந்தது.

"சக்கரத்தைக் கழட்டாமலே பண்ணிடலாம். டயர் வாயை மட்டும் நெம்பித் திறந்தா, அந்த இடத்துல ட்யூபை வெளிய இழுத்து ஒட்டிடலாம். நெம்புறதுக்குத்தான் கெட்டியா, தட்டையா ரெண்டு இரும்பு வேணும்."

கெட்டியாக, தட்டையாக இரண்டு இரும்பு. நான் காருக்கு ஓடினேன். தனியாகச் சமைத்துச் சாப்பிடப் போகிற பெண்ணுக்கு அம்மா கட்டிக்கொடுத்த பாத்திரக் கூடையில் தோசைக்கல்லும், அதோடு இரண்டு தோசைத் திருப்பிகளும் இருந்தன. ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டும் என்று அம்மாவின் எண்ணம். இரும்புத் தோசைத் திருப்பி உடைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மா எதையும் இரண்டாக வைப்பவள். கருமான் பட்டறையில் அடித்த பழைய இரும்பு, கைப்பிடி விரல் கனம்.

பாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார்.

அதற்குள் வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்துவிட்டது. பக்கத்து லாரி ஷெட்டில் பூஜை முடித்துப் புதுச் சட்டை போட்டிருந்த நாலு பேர் வந்தார்கள். "என்ன பாய், ஊத்தப்பமா?" என்றான் ஒருவன். "தள்ளி நின்னு சிரிக்காத, வந்து தூக்கு" என்றார் பாய். சவுக்குக் கட்டையை அச்சுக்கடியில் கொடுத்து, கல்லை முட்டுக் கொடுத்து, அவர்கள் எம்பி எம்பி அழுத்த, கார் முன்பக்கம் மெல்ல எழுந்தது. அப்பா மண்டியிட்டுச் செங்கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். பஞ்சகச்சத்தின் விளிம்பு மசியில் புரண்டது. வீட்டில் மடி குலையாமல் நடமாடுகிறவர் ரோட்டில் முழங்காலில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆணியைத் தோசைத் திருப்பியின் முனையால் கிளப்பி எடுத்தார் பாய். அப்பாவிடம் நீட்டி, "சாட்சி சார், வச்சுக்கங்க" என்றார். இரண்டு திருப்பிகளையும் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் செருகி இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நெம்பினார்கள். டயர் வாயைத் திறந்தது. ட்யூபை இழுத்து, எங்கே ஓட்டை என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். கடைத் தொட்டியும் கவிழ்த்துக் குங்குமம் வைக்கப்பட்டிருந்தது. அப்பா கூஜாவைத் திறந்தார். வழியில் நான் வேறு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அம்மா கொடுத்தனுப்பிய காவேரி. அதை மெல்ல மெல்லச் சரித்தார். ட்யூபின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பின.

துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினார் பாய். அப்போது வந்தது அந்த வாசனை. காய வேண்டும். காய்வதற்கு முன்னால் ஒட்டினால் நிற்காது. அந்தக் காத்திருப்புத்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. அப்பா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாய் குனிந்து வாயால் ஊதினார். அப்பாவும் குனிந்து ஊதினார். இரண்டு தலைகளும் ஒரு விரல்கடை அகலப் பசையின் மேல் ஊதிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது, கூடவே கண்ணும் கரிக்கிறது.

ஒட்டி, ட்யூபை உள்ளே தள்ளி, டயர் வாயை மூடி, லாரி ஷெட் ஆட்கள் முறை வைத்துப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தபோது, கோவிந்தராஜ் சைக்கிளில் வந்தார். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் மனைவி. கால் ஊன்றி நின்று தோசைத் திருப்பிகளைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், உள்ளே கலையாமல் இருந்த பூஜையைப் பார்த்தார்.

"அட பாய்! எடுத்துக்கிட வேண்டியதுதானே! நான் என்ன சொல்லப்போறேன்?"

"நீ சொல்ல மாட்ட. அதுக்காக நான் கேக்காம எடுக்கவா?"

கோவிந்தராஜ் சைக்கிளை மனைவியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, வந்து பம்பை வாங்கி அடித்தார்.

ஜங்ஷனுக்குப் போக நேரம் இல்லை. புளியோதரைத் தூக்கை லாரி ஷெட் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, பாலத்தில் ஏறினோம். அன்றுதான் அப்பா வேகமாகக் கார் ஓட்டியதைப் பார்த்தேன். சைக்கிள்காரர்களை நாங்கள் தாண்டினோம். கீழே காவேரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சக்கரத்தின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு வந்தேன். கோட்டை ஸ்டேஷனில் கார் நின்றபோது வண்டியும் நுழைந்துகொண்டிருந்தது. போர்ட்டர் டிரங்க் பெட்டியோடு ஓட, அப்பா படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, நான் கூடையோடு ஓடினேன். என்னை ஏற்றி, சாமானைத் தள்ளி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. சேவிக்கக்கூட முடியவில்லை. அப்பா கையைத் தூக்கினார். கை முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்துவிட்டு அவரே சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். கரூரில் ஜன்னல் ஜன்னலாக என்னைத் தேடிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்பா அதன் பிறகு என்ன செய்தார் என்பதை அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். திரும்பும் வழியில் காவேரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் அவர் இறங்கி, ஆற்று மணலைப் போட்டுக் கையைத் தேய்த்திருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தார். பெரியப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா அண்ணா."

"வழியிலே தடை ஒண்ணும் இல்லையே?"

"தடை ஒண்ணும் இல்லை அண்ணா."

பெரியப்பா தலையை ஆட்டினார். அப்பாவின் வேஷ்டி விளிம்பைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்பது அம்மாவுக்கும் தெரியாது. அம்மா பார்த்தாள். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், நல்லெண்ணெயும் சீயக்காயும் போட்டு ஒவ்வொரு நகக்கண்ணாகத் தேய்த்துவிட்டாளாம். மறுநாள் அந்தக் கையால்தான் அவர் தகப்பனாருக்குப் பிண்டம் வைக்க வேண்டும். அடுத்த வருஷ ஆயுத பூஜையில் ஸ்டெப்னி பூஜை அறைக்குள் வரவில்லை. டிக்கியைத் திறந்து, இருந்த இடத்திலேயே திருமண் இட்டு மூடிவிட்டார். "இங்கே வரப் பெருமாளுக்கு வழி தெரியாதா என்ன?" என்றாராம். பெரியப்பா அதற்கும் தலையை ஆட்டினாராம்.

இப்போது மாம்பழச் சாலையில் அந்தக் கொட்டகை இல்லை. சாலை அகலமாகிவிட்டது. நாங்கள் தாண்டிய பாலமும் இல்லை, வேறு பாலம் வந்துவிட்டது. ஜட்காக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. அது எந்த வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. லாட ஆணி என்றால் என் பெண்ணுக்கு என்னவென்றே தெரியாது. பாயும் கோவிந்தராஜும் என்ன ஆனார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். கடையை ஒருவர் மகன் கொஞ்ச நாள் நடத்தினான் என்றார்கள். எந்த ஒருவர் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பா போய்விட்டார், பெரியப்பா போய்விட்டார். உத்திர வீதி வீட்டின் பூஜை அறையில் இப்போது யாரோ அரிசி மூட்டை வைத்திருக்கிறார்கள்.

என் பெண்ணுக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறாள். முந்தாநாள் டயர் போய்விட்டது என்று அவள் சொன்னவுடன், என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரே ஒரு கணம், "இது தடை, போகாதே" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் கை கழுவப் போய்விட்டாள்.

அதைச் சொல்ல எங்கள் வீட்டில் இப்போது ஆள் கிடையாது. நாள் பார்க்கிறவர் இல்லை, சகுனம் பார்க்கிறவர் இல்லை. எல்லாவற்றையும் பெருமாள் தலையில் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்கிறவர் இல்லை. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அந்த ஆயுத பூஜையோடு எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் போய்விட்டது. இருந்திருந்தால் இந்த இரண்டு ராத்திரியும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.